நான்கு கிராம் ஈயம்

நவம்பர் நெருங்கினால் அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவம் சூடுபிடிக்கும். துப்பாக்கிக் கடைகளில் கூட்டம் சேரும். அங்கே ஆண்டுதோறும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: .223 ரெமிங்டன் ரைஃபிளை வைத்து மானைச் சுடலாமா? சுடலாம் என்றால் எந்தக் குண்டு?

.223 சின்னத் தோட்டா. 1964இல் சந்தைக்கு வந்தது. ராணுவத்தின் எம்-16 துப்பாக்கியில் போடும் தோட்டாவின் உடன்பிறப்பு. அதன் குண்டின் குறுக்களவு 5.7 மில்லிமீட்டர். வேட்டைக்கென்று வாங்கும் 62 கிரெய்ன் குண்டைத் தராசில் வைத்தால் நான்கு கிராம்தான் காட்டும். எதிரே நிற்கும் வெள்ளைவால் மானோ டெக்சஸின் மலைநாட்டில் நாற்பது, ஐம்பது கிலோ இருக்கும். வடக்கே விஸ்கான்சினில் நன்கு வளர்ந்த ஆண் மான் நூறு கிலோவையும் தொடும்.

சட்டத்தைக் கேட்டால் ஊருக்கு ஒரு பதில் வருகிறது. டெக்சஸ் மானுக்கு விலக்கி வைத்திருப்பது .22 போன்ற ரிம்ஃபயர் (விளிம்பில் அடிபட்டு வெடிக்கும்) தோட்டாக்களை மட்டுமே; .223க்கு அங்கே தடையில்லை. வர்ஜீனியாவில் .23 காலிபருக்கு (அங்குலக் கணக்கில் குறுக்களவு) கீழே எதுவும் மானுக்கு ஆகாது. கொலராடோ இன்னும் கறார்: .24 காலிபருக்குக் குறையக் கூடாது, குண்டு விரியும் வகையாக இருக்க வேண்டும், மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன் எடை வேண்டும், 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் மிச்சமிருக்க வேண்டும். பிரிட்டனில் இந்த முரண் ஓர் எல்லைக்கோட்டிலேயே தெரிகிறது. ஸ்காட்லாந்தில் ரோ மானை .223 கொண்டு சுடுவது சட்டப்படி சரி. அதே மான் செவியட் குன்றுகளைத் தாண்டி இங்கிலாந்துக்குள் மேய வந்துவிட்டால் .240க்குக் குறைந்த ரைஃபிளால் அதைச் சுடுவது குற்றம். மானின் விலா எலும்பு எல்லை தாண்டியதும் தடித்துப்போவதில்லை. இரண்டு சட்டமன்றங்களும் ஒரே உயிரைப் பற்றித்தான் பேசியிருக்கின்றன. எவ்வளவு தவறுக்கு இடம் கொடுக்கலாம் என்பதில் வேறு வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன.

கடையில் நிற்பவர் கேட்பது ஒரு கருவியின் திறனைப் பற்றி. அதற்குள் இன்னொரு கேள்வி மடிந்து கிடக்கிறது. எவ்வளவு சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் விசையை இழுக்கலாம்? குறி பிசகினால் அந்தச் சந்தேகத்துக்கு விலை கொடுப்பது மான். பெரிய காலிபரும் பிசகை முழுவதுமாக மன்னிப்பதில்லை, ஆனால் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். சின்னக் காலிபர் அதைக்கூடச் செய்யாது.

நேர்ப்பக்கமாக நிற்கும் மானில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கிவிடும். குண்டு இரண்டு நுரையீரலையும் துளைத்தால் ரத்த அழுத்தம் சரியும், மூளைக்கு ரத்தம் போவது நிற்கும். அப்போதும் மான் நின்ற இடத்தில் விழுந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. தசையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனில் ஐம்பது, நூறு மீட்டர் ஓடிவிட்டே விழும். அந்தச் சில நொடிகள்தான் நல்ல சூட்டுக்கான விலை. கெட்ட சூட்டின் விலை மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நீளும்.

.223க்குக் கிடைக்கும் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். முழுக்கச் செம்பு உறை போர்த்திய ராணுவ வகைக் குண்டு பல சமயம் உருக்குலையாமல் குறுகலான ஓட்டை ஒன்றைப் போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். மான் ஓடும், மெல்ல ரத்தம் கசிந்து எங்கோ புதருக்குள் கிடக்கும். அடுத்தது பிரெய்ரி நாய், கொயோட்டி போன்ற சிறு விலங்குகளுக்கென்று செய்தது. உறை மெல்லியது, முனையில் பிளாஸ்டிக். பட்ட மாத்திரத்தில் சிதற வேண்டும் என்பதே அதன் நோக்கம், அது அதைச் சரியாகவே செய்கிறது. மானின் தோள்பட்டை எலும்பில் பட்டால் அங்கேயே சிதறி, தசையைப் பிய்த்து, அகலமான ஆனால் ஆழமில்லாத குழியைத் தோண்டும். நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது. மூன்று காலில் ஓடிப்போகும் அந்த மான் சீழ் பிடித்துச் சாகும், அல்லது கொயோட்டிகளிடம் சிக்கும். மூன்றாவது வகைதான் மானுக்கானது: ஈயம் உறையோடு ஒட்டவைக்கப்பட்ட ஃபெடரல் ஃப்யூஷன், நடுவில் தடுப்புச் சுவர் வைத்த நாஸ்லர் பார்ட்டிஷன், ஈயமே இல்லாமல் முழுச் செம்பில் கடைந்தெடுத்த பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் போன்றவை. இவை முன்பகுதியில் மட்டும் மலர்ந்து, குறுக்களவில் பெருத்து, பின்பகுதி சிதையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

மூன்று வகையும் கடையில் ஒரே அலமாரியில், ஏறக்குறைய ஒரே மாதிரியான பெட்டியில் இருக்கின்றன. ரைஃபிள் ஒன்று, காலிபர் ஒன்று, மான் ஒன்று. பெட்டி மாறினால் அதன் சாவு மாறிவிடுகிறது.

இந்த மூன்றாம் வகைக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. 1946இல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடப் போனார். கையில் இருந்தது .300 எச் அண்ட் எச் மேக்னம், அன்றைய கணக்கில் வலுவான ரைஃபிள். மூஸின் தோல்மீது சேறு காய்ந்து பாளமாக ஒட்டியிருந்தது. அவர் சுட்ட குண்டுகள் ஆழம் போவதற்கு முன்பே மேலேயே விரிந்து உடைந்தன, விலங்கு விழவில்லை. வீடு திரும்பியவர் முன்பாதி விரியவும் பின்பாதி உருக்குலையாமல் துளைக்கவும் நடுவே உலோகச் சுவர் வைத்த குண்டைச் செய்தார். 1948இல் நிறுவனமே தொடங்கினார். ஒரு விலங்கு உடனே சாகாமல் நின்றதைக் கண்ட மனிதர், அதற்கான பதிலைத் தன் பட்டறையில் தேடியிருக்கிறார். அதைத் தொழில்நுட்பம் என்றும் சொல்லலாம், மனஉறுத்தல் என்றும் சொல்லலாம். இரண்டுமே இருந்திருக்க வேண்டும்.

விரியும் குண்டைப் பற்றிப் பேசும்போது கல்கத்தாவைத் தவிர்க்க முடியாது. 1890களில் அந்நகரை ஒட்டிய டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒரு குண்டைச் செய்தார். காரணம் இன்றைய .223 வேட்டைக்காரரின் கவலையேதான். பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் பெரிய ஈயக் குண்டுக்குப் பதிலாகப் பிரிட்டிஷ் படை சின்னக் காலிபரான .303க்கு மாறியிருந்தது. 1895இல் வடமேற்கு எல்லையில் நடந்த சித்ரால் போரில் அந்த முழு உறைக் குண்டு பட்ட பிறகும் எதிரே வந்தவர்கள் ஓடிவந்துகொண்டே இருந்ததாகப் புகார் வந்தது. முனையில் உறையைச் சற்றுத் திறந்துவிட்டார்கள். குண்டு உடலுக்குள் மலர்ந்தது.

1899இல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் தடை செய்தது. மாநாட்டில் பிரிட்டனின் தரப்பைப் பேசிய சர் ஜான் ஆர்டா முன்வைத்த வாதத்தை இன்று படித்தாலும் உடல் கூசும். நாகரிகப் படைவீரன் காயம் பட்டால் பின்வாங்கிவிடுவான்; காட்டுமிராண்டியோ எத்தனை குண்டு பட்டாலும் நிற்க மாட்டான், அவனுக்கு இந்தக் குண்டுதான் சரி என்பது அதன் சாரம். மனிதர்களில் ஒரு பகுதியை வேட்டை விலங்கின் வரிசையில் நிறுத்திய பேச்சு அது. மாநாடு அதை ஏற்கவில்லை.

போரில் எந்தக் குண்டு தடை செய்யப்பட்டதோ, அதே விரியும் குண்டைத்தான் இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டமும் கொலராடோவின் விதியும் மானுக்குக் கட்டாயம் ஆக்குகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் விலங்கின் உயிர் மலிவு என்பதால் வந்த ஏற்பாடாகத் தோன்றும். உண்மை வேறு. 1868இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம் 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள வெடிக்கும் குண்டுகளைத் தடை செய்தபோது சொன்ன காரணம், போரின் நியாயமான நோக்கம் எதிரியின் படையை வலுவிழக்கச் செய்வது மட்டுமே என்பது. ஆளை முடக்கினால் போதும். சாவைத் தவிர்க்க முடியாததாக்கும் ஆயுதம் மனிதத்தன்மைக்கு எதிரானது. காயம்பட்ட வீரனுக்கு மருத்துவமனை இருக்கிறது, சரணடையும் வழி இருக்கிறது, திரும்பிப் போக வீடு இருக்கிறது. காயம்பட்ட மானுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அதற்குப் பாதிக் காயம் என்பது பாதிக் கருணை ஆகாது. ஆகவே மனிதனுக்கு இரக்கமாக இருக்கும் குண்டு மானுக்குக் கொடுமையாகிறது, மானுக்கு இரக்கமானது மனிதனுக்குக் கொடுமையாகிறது. இரக்கம் என்பது உலோகத்தில் இல்லை, அடிபட்ட உயிருக்கு அடுத்து என்ன காத்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

சமயங்கள் இந்த இடத்தை எப்போதோ தொட்டுவிட்டன. துப்பாக்கிக்குப் பல நூற்றாண்டு முன்பே அரேபியாவில் அதீ பின் ஹாத்திம் என்ற தோழர் நபிகள் நாயகத்திடம் வேட்டை ஆயுதத்தைப் பற்றிக் கேட்டார். கேள்வி மிஃராள் என்ற இறகில்லா அம்பைப் பற்றியது. அது முனையால் குத்திக் கொன்றால் உண்ணலாம். குறுக்குவாட்டில் பட்டு அடியின் வேகத்தில் விலங்கு செத்தால் உண்ணக் கூடாது, அது அடித்துக் கொல்லப்பட்டதற்குச் சமம் என்பது பதில். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்பிலும் இந்தச் செய்தி இருக்கிறது. கொல்லும்போதும் அழகிய முறையைக் கைக்கொள்ளுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், அறுக்கப்படும் பிராணிக்கு ஆறுதல் கொடுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழி முஸ்லிம் தொகுப்பில் தனியாக இருக்கிறது.

துப்பாக்கி வந்ததும் சட்ட அறிஞர்கள் இந்த அளவுகோலை அதன்மேல் வைத்துப் பார்த்தார்கள். ஈயக் குண்டு குத்துகிறதா, மோதுகிறதா? 19ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன், ஈயத்துக்கு விளிம்புக் கூர் இல்லை, அது வேகத்தாலும் சூட்டாலும்தான் கொல்கிறது, எனவே உயிர் பிரியும் முன் அறுக்காவிட்டால் ஹலால் ஆகாது என்றார். அதே காலத்தில் யேமனின் ஷவ்கானி, குண்டு உடலைத் துளைத்துச் செல்கிறது, துளைப்பதுதான் நிபந்தனை, ஆகவே பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால் உண்ணலாம் என்றார். இன்றும் இரண்டு கருத்துக்கும் ஆள் இருக்கிறார்கள். குண்டுத் தேர்வைப் பற்றிய உலகின் மிகக் கவனமான சமய விவாதம் இதுவாகத்தான் இருக்கும். உணவு தூய்மையானதா என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, ஆயுதம் உடலுக்குள் என்ன செய்கிறது என்ற இயற்பியல் வரை அது போகிறது.

யூதர்களின் வழி இன்னும் குறுகலானது. ஷெகீத்தா அறுப்புக்கான கத்தியை, அறுப்பவர் விரல் நகத்தின்மேலும் விரல் சதைமேலும் இழுத்துப் பார்ப்பார். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குச் சின்னப் பிசிறு ஒன்று இருந்தாலும் அந்தக் கத்தி ஆகாது. இந்த அளவுகோலுக்கு முன் எந்தக் குண்டும் நிற்காது. துப்பாக்கியால் செத்த மானை யூதர் உண்ண முடியாது, அது எவ்வளவு விரைவாகச் செத்திருந்தாலும் சரி.

மகாபாரதத்தில் பாண்டுவின் கதை இன்னொரு திசையைக் காட்டுகிறது. மான் உருவில் துணையோடு கூடியிருந்த கிந்தம முனிவரைப் பாண்டு அம்பெய்து வீழ்த்துகிறான். அரசர்கள் மானைக் கொல்வது வழக்கம்தானே, அகத்தியரே செய்தாரே என்று வாதாடுகிறான். சாகும் முனிவர் அந்த வாதத்தை மறுப்பதில்லை. மானைக் கொன்றதற்காக உன்னைப் பழிக்கவில்லை, அந்த நேரத்தில் கொன்றாயே என்கிறார். கொல்லலாமா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்ட பிறகும் எப்போது, எப்படி என்ற கேள்விகள் உயிரோடு இருக்கின்றன, அவற்றில் தவறினால் சாபம் பலிக்கும் என்பதைக் கதை ஏற்கிறது. ஈனும் பருவத்தில் வேட்டையை மூடிவைக்கும் இன்றைய சட்டங்களும் அந்த வழிதான்.

சிக்கல் இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. 1984இல் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர் என்ற மெய்யியலாளர் ஒரு சின்னப் புதிரை வெளியிட்டார். கொலை செய்யக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஒருவர் கொலை செய்வாரானால், துன்பம் தராமல் மென்மையாகக் கொல்ல வேண்டும். இதை யாரும் மறுக்க மாட்டார்கள். அவர் கொலை செய்கிறார். எனவே அவர் மென்மையாகக் கொல்ல வேண்டும். மென்மையாகக் கொல்வதும் கொல்வதுதானே? எனவே அவர் கொல்ல வேண்டும்! ஒவ்வொரு படியும் சரியாகத் தெரிகிறது, வந்து சேர்ந்த இடம் மட்டும் பைத்தியக்காரத்தனம். கடமையைப் பற்றிய தருக்கவியலை உலுக்குவதற்காக அவர் செய்த புதிர் இது. அடுத்த ஆண்டே வால்டர் சினட்-ஆம்ஸ்ட்ராங் ஒரு விடை கொடுத்தார்: அந்த ‘வேண்டும்’ கொலையின்மேல் அமர்வதில்லை, மென்மையின்மேல் மட்டுமே அமர்கிறது.

வேட்டைக்காரர்களின் பேச்சில் இந்தப் புதிர் தினமும் நடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. நல்ல குண்டாகப் பார்த்து வாங்கினார், ரைஃபிளைக் குறி சரிபார்த்தார், நூறு மீட்டருக்குள் நேர்ப்பக்கமாக நின்றபோது மட்டும் சுட்டார், மான் அறுபது மீட்டருக்குள் விழுந்தது. இத்தனையும் மெய்யான அறம், மெய்யான உழைப்பு. ஆனால் இத்தனையையும் சொன்ன கையோடு, ‘ஆகவே இந்த வேட்டை சரியானது’ என்று முடிக்கும்போது ஃபாரெஸ்டரின் கடைசிப் படியில் கால் வைத்துவிடுகிறார். சரியாகக் கொன்றது கொன்றதைச் சரியாக்காது. அதற்குத் தனிக் காரணம் வேண்டும்.

மறுபக்கத்திலும் இதே தவறு நடக்கிறது. வேட்டையே தவறு என்று நம்புபவர்கள் பலர் குண்டுத் தேர்வைப் பற்றிய பேச்சையே போலித்தனம் என்று ஒதுக்குகிறார்கள். கொல்வது தவறு என்றால் எப்படிக் கொன்றால் என்ன என்பது அவர்கள் எண்ணம். இதை ஏற்க முடியாது. விலங்கு துன்பப்படுமா என்பதே கேள்வி என்று 1789இல் மெய்யியலாளர் பெந்தம் எழுதிய அடிக்குறிப்பின் வழியில் வந்தவர் பீட்டர் சிங்கர். அவருடைய கணக்கில் நொடியில் சாவதற்கும் மூன்று நாள் அழுகிச் சாவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. விலங்குக்கு வாழும் உரிமையே உண்டு என்று 1983இல் வாதிட்ட டாம் ரீகனின் வழியில் போனால் எந்தக் குண்டும் வேட்டையை நியாயப்படுத்தாது. ஆனாலும் உரிமையைப் பறித்தவர் அதற்குமேல் வதைக்கவும் செய்தால் அது இரண்டாவது அநீதி. தவறான காரியத்துக்கு நடுவிலும் கடமை இருக்கிறது. அதைக் கேலி செய்வதால் எந்த மானுக்கும் நன்மை இல்லை.

சின்னக் காலிபருக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. .30-06 போன்ற பெரிய ரைஃபிள் தோளில் உதைக்கும். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்வார், உடலை இறுக்குவார். குண்டு வயிற்றுப் பக்கம் போகும். குடலில் பட்ட மானின் சாவு மிக மோசமானது. .223க்கு உதை ஏறக்குறைய இல்லை. அதனால்தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கையிலும் மெலிந்த உடல்வாகு உள்ளவர்கள் கையிலும் அது கொடுக்கப்படுகிறது. பெரிய குண்டைக் குடலில் பாய்ச்சுவதைவிடச் சின்னக் குண்டை நுரையீரலில் பாய்ச்சுவது நல்லது என்பதில் ஐயமே இல்லை.

அலாஸ்காவின் வடக்கிலிருந்து இன்னும் வியப்பான உதாரணம் கிடைக்கிறது. அங்கே சில பகுதிகளில் ஆற்றை நீந்திக் கடக்கும் கரிபு மானைப் படகிலிருந்து .22 ரிம்ஃபயரால் சுடச் சட்டமே இடம் தருகிறது. டெக்சஸ் சின்னஞ்சிறு மானுக்குக்கூட அனுமதிக்காத தோட்டா அது. படகுக்கும் மானுக்கும் இடையே சில அடி தூரம்தான், குறி தலை. தூரம் சுருங்கும்போது காலிபர் முக்கியம் இழக்கிறது. ஜெர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டம் இதைக் கணக்காகவே எழுதிவைத்திருக்கிறது: ரோ மானுக்கு 100 மீட்டரில் 1,000 ஜூல் ஆற்றல் போதும்; மற்ற குளம்பு விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் காலிபர், 2,000 ஜூல். ரோ மான் இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள சிறு விலங்கு. சின்ன உயிருக்குச் சின்ன ஆயுதம் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆக, சின்னக் காலிபர் தன்னளவில் பாவம் இல்லை. அது சுடுபவரிடம் ஒரு நிபந்தனை வைக்கிறது, அவ்வளவுதான். கோணலாக நிற்கும் மானை விட்டுவிட வேண்டும். இருநூறு மீட்டரில் நிற்பதை விட்டுவிட வேண்டும். பொழுது மங்கும்போது புதர் விளிம்பில் தெரியும் பெரிய கொம்பை, அந்தப் பருவத்தில் இனி ஒன்று வராது என்று தெரிந்தாலும், விட்டுவிட வேண்டும். பெட்டியில் எந்தக் குண்டு இருந்தாலும் இந்த விட்டுக்கொடுத்தல் இல்லாவிட்டால் .223 மானுக்கு ஆகாத ஆயுதம். ஸ்பானிய மெய்யியலாளர் ஒர்தேகா இ காஸெத் 1940களில் வேட்டையைப் பற்றி எழுதியபோது, மனிதன் தன் மேலாதிக்கத்தைத் தானே மட்டுப்படுத்திக்கொள்வதால்தான் அது வேட்டையாக இருக்கிறது, இல்லாவிட்டால் வெறும் அழிப்பு என்ற கருத்தை முன்வைத்தார். அழகான கருத்துதான். ஆனால் .223ஐக் கையில் எடுப்பவர் தன்னை மட்டுப்படுத்திக்கொள்கிறாரா, மானின் வலியைக் கூட்டுகிறாரா என்பதைத் தத்துவத்தை வைத்துச் சொல்ல முடியாது. சுடாமல் விட்ட மான்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.

குண்டின் வேலை சுட்ட மானோடு முடிந்துவிடுவதும் இல்லை. வேகமாகப் பாயும் ஈயக் குண்டு உடலுக்குள் நுண்துகள்களாக உதிர்கிறது. வேட்டைக்காரர் காட்டிலேயே வெட்டி எறிந்துவிட்டு வரும் குடலில் அந்தத் துகள்கள் கிடக்கும். கலிஃபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் அதைத் தின்று ஈய நஞ்சால் சாகின்றன. 1982இல் உலகத்தில் 22 காண்டோர்களே மிஞ்சியிருந்தன. இனப்பெருக்கம் செய்து மீண்டும் காட்டில் விட்ட பிறகும் அவற்றின் சாவுக்கு ஈயமே முதல் காரணமாக இருந்துவருகிறது. 2013இல் கலிஃபோர்னியா சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயக் குண்டை முழுமையாகத் தடை செய்தது. 2008இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கென்று வேட்டைக்காரர்கள் தானமாகக் கொடுத்த அரைத்த மான் இறைச்சியில் ஈயத் துகள் இருந்தது தெரிந்து, உணவு வங்கிகள் அதை வெளியே கொட்ட நேர்ந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்திருந்தார்கள்.

அப்படியானால் செம்புக் குண்டுக்கு மாறிவிடலாமே என்றால், சின்னக் காலிபர் இங்கேயும் ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளமான குண்டு காற்றில் தள்ளாடாமல் போக வேண்டுமானால் குழலுக்குள் இருக்கும் திருகுவரி அதை வேகமாகச் சுழற்ற வேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வரி வெட்டிய பழைய .223 ரைஃபிள்களில் 62 கிரெய்ன் செம்புக் குண்டு நிலையாகப் பறக்காது. தாளில் சுட்டுப் பார்த்தால் ஓட்டை வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் நீண்டு விழுவதைக் காணலாம். 9 அங்குலத்துக்கு ஒரு சுற்றோ அதைவிட வேகமான வரியோ வேண்டும். வேகம் குறைந்த தூரத்தில் செம்பு மலர்வதும் குறையும். ஸ்காட்லாந்து 2023இல் பெரிய மான்களுக்கான குண்டின் குறைந்த எடையை 100 கிரெய்னிலிருந்து 80ஆகக் குறைத்தது இந்தக் காரணத்துக்காகவே: ஈயமில்லாத குண்டு எடை குறைந்தது, அதற்குச் சட்டம் வழிவிட வேண்டியிருந்தது. கழுகின் உயிருக்கும் மானின் உடனடிச் சாவுக்கும் இடையே ஒரு பேரம் நடப்பது போலத் தோன்றும். பழைய ரைஃபிளை வைத்திருப்பவருக்கு அது மெய்யான பேரமே. அவர் குழலை மாற்றலாம், தூரத்தைக் குறைக்கலாம், அல்லது அந்த ரைஃபிளை மானுக்கு எடுக்காமல் இருக்கலாம்.

வேட்டை எதற்காக என்ற கேள்வி இவை எதிலும் தீரவில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிராக் நகரின் தலைமை ரப்பியாக இருந்த யெகெஸ்கேல் லாண்டாவிடம் ஒரு செல்வந்தர் கேட்டார். அவருக்குச் சொந்தமாகக் கிராமங்களும் காடுகளும் இருந்தன. தன் காட்டில் துப்பாக்கி எடுத்து வேட்டையாடலாமா என்பது கேள்வி. மனிதத் தேவைக்காக விலங்கைக் கொல்வதை நேரடியாகத் தடுக்கும் விதி இல்லை என்பதை லாண்டா ஒப்புக்கொண்டார். பிறகு, வேதத்தில் வேட்டைக்காரர்களாகக் காட்டப்படுபவர்கள் நிம்ரோதும் ஏசாவும் மட்டுமே என்று நினைவூட்டினார். வயிற்றுப்பாட்டுக்காகக் காட்டுக்குள் போகிறவர் நிலை வேறு, எந்தத் தேவையும் இல்லாமல் பொழுதுபோக்குக்காகப் போய்க் கொல்வது கொடுமை என்று எழுதினார். அமெரிக்காவில் இன்று ஏறத்தாழ மூன்று கோடி வெள்ளைவால் மான்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஓநாய்கள் ஒழிக்கப்பட்ட காடுகளில் அவை இளம் மரக்கன்றுகளை மேய்ந்து தீர்க்கின்றன. பல ஊர்களில் குளிர்காலம் முழுக்கக் குடும்பங்கள் உண்பது அந்த இறைச்சியைத்தான். லாண்டாவின் அளவுகோலில் இவை தேவைக் கணக்கில் வரக்கூடும். சுவரில் மாட்டும் கொம்பு வராது. .223க்கு 62 கிரெய்ன் ஒட்டுறைக் குண்டைத் தேர்ந்தெடுத்து வாங்கிக்கொண்டு போகிறவர், தான் இந்த இரண்டில் எதற்காகப் போகிறார் என்பதைக் கடைக்கு வருமுன்பே முடிவு செய்திருக்க வேண்டும். கடைக்காரரிடம் அதற்குப் பதில் கிடையாது.